ஒளியளவியல்

ஒளி + அளவு + இயல். விண்மீன்களின் ஒளியை அளந்து எண்ணால் குறிக்கும் துறை. கிரேக்கத்தில் ‘போஸ்’ ஒளி, ‘மெட்ரான்’ அளவு. இரண்டும் சேர்ந்த ‘போட்டோமெட்ரி’க்கு நேரான தமிழ்ச்சொல்.

இதன் அளவுமுறையை வகுத்தவர் நார்மன் போக்சன். ஐந்து படிகளின் வேறுபாடு நூறு மடங்கு ஒளி என்று 1856இல் முன்மொழிந்தார். ஆகவே ஒரு படி ஏறத்தாழ 2.512 மடங்கு. எண் கூடக்கூட ஒளி குறையும். 1861 முதல் 1891 வரை சென்னை வானாய்வகத்தை நடத்தியவரும் இவரே. அங்கு இவருடைய உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டறிந்தார்.

அளவுதிருத்தம்: மாசி மாத முன்னிரவில் சங்கரன்கோவிலின் தென்வானில் ஒளிரும் அகத்திய மீன், அடிவானம் நோக்கிச் சாயச்சாய மங்கும். மீன் மாறவில்லை, அதன் ஒளி கடந்துவரும் காற்று கூடுகிறது. தொலைநோக்கியும் வடிகட்டியும் உணர்கருவியும்கூட அளவை மாற்றும். அதனால், ஒளி முன்பே துல்லியமாகத் தெரிந்த நியம விண்மீன்களை அதே இரவில் வெவ்வேறு உயரங்களில் அளந்து, வேறுபாட்டைக் கணக்கிட்டு நீக்குவார்கள். 1953இல் வானியலாளர்கள் ஜான்சனும் மார்கனும் வகுத்த யு-பி-வி என்னும் ஒளியளவு முறைக்கும் நியம விண்மீன்களே அடிப்படை. இத்திருத்தத்தால்தான் காவலூர் வானாய்வகத்தில் எடுத்த அளவைச் சிலியில் எடுத்த அளவோடு நம்பி ஒப்பிட முடிகிறது.