திருகோணமலைத் துறைமுகமும் வெள்ளித் தொடுமுனைகளும்

போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராய்க் கண்வைத்த திருகோணமலைத் துறைமுகம், சென்ற நூற்றாண்டில் வானலைகளுக்கும் ஒரு துறைமுகமாய் விளங்கியது. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்க வந்தபோது, நான்கு நாட்களுக்கு முன்னர் தாக்கப்பட்ட கொழும்புக்குக் கிட்டாத முன்னெச்சரிக்கையை இங்கிருந்த ராடர் அளித்தமையால், ஹரிக்கேன் விமானங்கள் முன்னதாகவே வானேறி அவற்றை எதிர்கொண்டன. 1944 ஏப்ரலில் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கச் சென்ற கப்பல்களும் இங்கிருந்தே புறப்பட்டன.

இத்தகைய தளமொன்றில் ரேடியோ யந்திரங்களைச் சீராக வைத்திருக்கச் சோதனைக் கருவிகள் இன்றியமையாதன. அக்காலத்துப் பிரிட்டிஷ் கருவிகளுள் பிரசித்தமான மார்க்கோனி டிஎஃப் 144ஜி சிக்னல் ஜெனரேட்டர், 85 கிலோசைக்கிள் முதல் 25 மெகாசைக்கிள் வரையில், அளந்து குறைத்த சமிக்ஞையைத் தரவல்லது. அந்த அளவின் சத்தியம் பெரிதும் சுழல் சுவிட்சுகளின் வெள்ளி முலாம் பூசிய தொடுமுனைகளையே பற்றி நின்றது.

வெள்ளிக்கு ஈரத்தைவிடக் கந்தகமே கொடிய பகை. தம்பலகாமக் குடாவையொத்த கழிமுகங்களின் சேற்றிலிருந்து எழும் கந்தக வாயு, வடகீழ்ப் பருவ மழையின் ஈரக்காற்றோடு கலந்து, தொடுமுனைமேல் கரிய சல்பைடுப் படலத்தைப் படியவைக்கிறது. விளக்குச் சுவிட்சின் பெருமின்னழுத்தம் அப்படலத்தைத் துளைத்துவிடும். மைக்ரோவோல்ட் அளவிலான நுண்சமிக்ஞைக்கோ அச்சக்தி இல்லை. எனவேதான் கருவியின் அளவு நிலையின்றித் தடுமாறுகிறது. கையால் தட்டினால் சரியாவதும், மறுகணம் பிழையாவதும் இதனாலேயே. ஓயாது உழைக்கும் கருவியைவிட அலமாரியில் உறங்கும் கருவியே விரைவில் கெடுவதற்கும் இதுவே காரணம். சுழலும்போது முனைகள் உராய்ந்து தம்மைத் தாமே துடைத்துக்கொள்கின்றன அல்லவா?

ஆகையால் நல்ல பணியாளன் முதலில் குமிழை இருபுறமும் பலமுறை சுழற்றிப் பார்ப்பான். அதனால் தீராவிடில், ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதத் துண்டை முனைகளின் நடுவே செருகி இழுத்து அழுக்கை அகற்றுவான். அரத்தாளை அவன் தொடவே மாட்டான். ஏனெனில் முலாம் மிக மெல்லியது, அது தேய்ந்தால் கீழிருக்கும் பித்தளை உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும். முனைகளுக்கு இடும் எண்ணெயைச் சுவிட்சின் மின்காப்புத் தட்டின்மேல் சிந்தவிடாமலும், கம்பிகளை இடம்பெயர்க்காமலும் காப்பதே அனைத்திலும் கடினமான வித்தை. உயர் அதிர்வெண்ணில் ஒரு கம்பி சிறிது வளைந்தாலும் அளவு மாறிவிடும். அவசரக்காரரின் கைகளில் பாழான கருவிகள், காலத்தால் பாழானவற்றைவிட அதிகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1957 அக்டோபர் 15 அன்று பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லெ வானொலி திருகோணமலையில் அமைத்த மறு ஒலிபரப்பு நிலையமும் 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் வந்தது. யந்திரங்கள் கைமாறின, கடற்காற்றோ மாறவில்லை. இப்பிரதேசத்து வீடுகளிலோ பட்டறைகளிலோ பழைய சோதனைக் கருவி ஏதேனும் எஞ்சியிருப்பின், அன்பர்கள் அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், மழைக்காலம் கழிந்தவுடன் அதன் குமிழ்களை ஒருமுறை சுழற்றிவைத்து, பயன்படுத்தத் தெரிந்த ஓர் இளைஞரிடம் ஒப்படைக்க வேண்டும்.