சாயும் சுவரும் குடிக்கூலியும்

வீட்டை வாடகைக்கு விடுபவர் எதனை விற்கிறார்? சுவரையோ கூரையையோ அன்று. அவை என்றும் அவருடைமையே. அவ்வீட்டில் அச்சமின்றிக் குடியிருக்கும் பயனையே அவர் விற்கிறார். 'இஜாரா' எனும் வாடகை ஒப்பந்தத்திற்கு இஸ்லாமியச் சட்ட மேதைகள் வகுத்த இலக்கணம் இதுவேயாகும்.

ஹிஜ்ரி 593 (கி.பி. 1197)இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள், ஹனஃபீ மத்ஹபின் புகழ்பெற்ற நூலான 'ஹிதாயா'வில் இதனை மேலும் நுணுகி ஆராய்கிறார்கள். குடியிருக்கும் பயன், காய்கனியைப் போல ஒரே வேளையில் கைக்கு வந்து சேருவதன்று. நேரந்தோறும் சிறிது சிறிதாக விளைவது. ஆகவே ஒப்பந்தமும் நேரந்தோறும் புதிதாக நிகழ்வதாகவே கொள்ளப்படும். வெறும் சொல்லாராய்ச்சி போலத் தோன்றும் இக்கருத்திலிருந்துதான் குடியிருப்போரின் உரிமை பிறந்தது. இடையில் கூரை ஒழுகினாலும் சுவர் பிளந்தாலும், அது விற்ற பொருளில் தொடக்கத்திலேயே இருந்த குறைக்கு ஒப்பாகும். குறையுள்ள பொருளை மறுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டன்றோ?

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676 (கி.பி. 1277)இல் மறைந்தவர்கள். அவர்களுடைய 'மின்ஹாஜ்' இதனைச் சில வரிகளில் முடித்துவிடுகிறது. வீட்டுச் சாவியை ஒப்படைப்பதும் வீட்டைச் செப்பனிடுவதும் வீட்டுக்காரரைச் சேர்ந்தவை. அவர் விரைந்து செப்பனிடாவிடில் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. மேல்தளத்தில் குவியும் உறைபனியை அகற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. முற்றத்துப் பனியையும் குப்பையையும் கூட்டுவது குடியிருப்பவர் பொறுப்பு. ஷாம் நாட்டில் வாழ்ந்த அறிஞர் அந்நாட்டுக் குளிர்காலத்தைக் கண்முன் கொண்டே எழுதினார்கள். உறைபனி அறியாத நம் ஊர்களுக்கும் அதன் நீதி பொருந்தும்: கட்டடத்தின் உறுதி உடையவரைச் சேர்ந்தது, அன்றாடத் தூய்மை குடியிருப்பவரைச் சேர்ந்தது.

உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை, அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1851 விதிகள் கொண்ட 'மஜல்லா' எனும் சட்டத் தொகுப்பை உருவாக்கியது. அதன் 529ஆம் விதி, வீட்டைப் பழுதுபார்த்தல், நீர் வழிகளைச் சீராக்குதல் ஆகியவற்றை வீட்டுக்காரர் மீதே சுமத்தியது. அவர் மறுத்தால் குடியிருப்பவர் வெளியேறலாம். ஆனால், குறையைக் கண்டறிந்தே குடிவந்தவர் அதனைக் காரணங்காட்டி வெளியேற முடியாது. தம் விருப்பப்படி செலவிட்டுச் செப்பனிட்டால் அது நன்கொடையாகிவிடும். திரும்பக் கேட்க வழியில்லை. வீட்டுக்காரரின் அனுமதியோடு கூரை ஓடு மாற்றியிருந்தால் மட்டும் அச்செலவைப் பெறலாம்.

இங்கிலாந்தின் நிலையோ வேறு. தட்டுமுட்டுச் சாமான்களின்றி வாடகைக்கு விடப்பட்ட வீடு குடியிருக்கத் தகுதியற்றதாயினும் வாடகை செலுத்தியே தீரவேண்டும் என 1843இல் அங்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். உழைக்கும் மக்களின் வீடுகளுக்கு அத்தகுதியை நிபந்தனையாக்கும் சட்டம் 1885இல்தான் வந்தது. இதனைக் கண்டு பெருமிதம் கொள்வது எளிது. ஆயினும் நேர்மையுள்ளோர் அத்துடன் நின்றுவிடலாகாது.

வெளியேறும் உரிமை யாருக்குப் பயன்படும்? வேறிடம் உள்ளவருக்கே. கைப்பொருளற்ற குடும்பத்தினர் ஒழுகும் கூரையை விட்டு எங்கே போவர்? இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் ஓரடி முன்னே சென்றது. வீட்டுக்காரர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவித்தும் செய்யாவிடில், குடியிருப்பவரே செய்து செலவை வாடகையில் கழிக்க அதன் 108ஆம் பிரிவு இடமளித்தது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1970இல் வழங்கப்பட்ட தீர்ப்பொன்று, வீட்டைத் தகுதியாக வைத்திருக்கும் கடமையையும் வாடகை செலுத்தும் கடமையையும் ஒன்றோடொன்று பிணைத்தது. குடியிருந்துகொண்டே நீதி கேட்க வழி பிறந்தது.

நம் சட்ட நூல்களிலும் இந்த ஏக்கத்திற்கு விடை தரும் இடங்கள் இரண்டு உள்ளன. ஒன்று, ஹிதாயா கூறும் சாயும் சுவரின் சட்டம். பாதையின் பக்கம் சுவர் சாய்ந்தால் அதனை இடிக்கும்படி எவரும் கோரலாம். ஆணென்றும் பெண்ணென்றும், முஸ்லிம் என்றும் முஸ்லிமல்லாதார் என்றும் வேறுபாடில்லை. அடுத்த வீட்டின் பக்கம் சாய்ந்தால் அவ்வீட்டின் சொந்தக்காரர் மட்டுமன்றி, அதில் குடியிருப்போரும் கோரலாம். கோரிய பின்னும், அவகாசமிருந்தும், சுவருக்குரியவர் வாளாவிருந்து அது விழுந்தால் உயிருக்கும் பொருளுக்கும் ஈடு செலுத்தவேண்டும். அச்சுவருள்ள வீட்டில் வாடகைக்கு இருப்பவரிடம் கோரினால் அது செல்லாது; இடிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லையே! அதிகாரம் எவரிடமோ பொறுப்பும் அவரிடமே.

மற்றொன்று வக்ஃபுச் சொத்து. தனியார் தம் வீட்டைச் செப்பனிடும்படி கட்டாயப்படுத்தப்படார் என்ற கதீப் ஷிர்பீனீ (ரஹ்) அவர்கள், மின்ஹாஜுக்குத் தாம் எழுதிய உரையில் வக்ஃபை மட்டும் பிரித்துக் காட்டுகிறார்கள். வருமானம் இருக்குமாயின் வக்ஃபு வீட்டைச் செப்பனிடுவது அதன் நிர்வாகிக்குக் கட்டாயக் கடமை. வக்ஃபின் வருவாயில் முதற்செலவே பழுதுபார்ப்புத்தான் என ஹனஃபீ அறிஞர்களும் விதித்துள்ளனர்.

பள்ளிவாசலுக்குச் சொந்தமான வீடுகளிலும் எளிய குடும்பங்கள் வாழ்கின்றன. கூரை ஒழுகுகிறதென்று முறையிடும் கைம்பெண்ணிடம், 'விருப்பமில்லையேல் காலி செய்யுங்கள்' என்று கூற அந்நிர்வாகிகளுக்கு உரிமையில்லை. தனியார் சொல்லக்கூடிய அச்சொல்லை வக்ஃபின் காவலர் சொல்லலாகாது. மினாராவுக்கு வண்ணம் பூசுமுன் அந்தக் கூரையை ஏறிப் பார்த்தல் அவர்தம் கடமையாகும்.