குட்டி போடும் கேள்விகள்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால், கூட்ஸ் வண்டி கடந்து முடிப்பதற்குள் உலக விஷயம் அத்தனையும் பேசி முடித்துவிடலாம். சில வருஷங்களுக்கு முன் அப்படி நின்றபோது, பக்கத்து பைக்கில் ஒரு தம்பி. கழுத்தில் ஐ.டி. கார்டு. சாஃப்ட்வேர் டெஸ்டராம்.

“புரோகிராம் எழுதறவன் எழுதிட்டுப் போயிடுவான், அண்ணே. அது எங்கெங்க உதைக்கும்னு யோசிச்சு கேள்வி போடறது நான்தான். இப்ப அதையும் மெஷினே போடுதாம்” என்றார். குரலில் லேசான கலக்கம்.

என் பி.காம். மூளைக்கு அன்று ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

மனுஷன் யோசித்துக் கேள்வி போடுவதில் ஒரு வம்பு உண்டு. தனக்குத் தோன்றாததைக் கேட்கமாட்டான். 1996 ஜூன் 4. ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட் தென் அமெரிக்காவின் கூரூவிலிருந்து கிளம்பியது. சுமார் 40 வினாடிதான். வானத்திலேயே சிதறியது. 4 செயற்கைக்கோள்களும் காலி. ஏரியான்-4-ல் சமர்த்தாக ஓடிய பழைய புரோகிராமை அப்படியே மாட்டியிருந்தார்கள். புதுசு வேகக்காரன். 32,767 வரைதான் கொள்ளும் டப்பாவில் அதைவிடப் பெரிய எண் வந்து விழுந்தது. புது ராக்கெட்டின் பாதையைக் கொடுத்து அந்தக் கருவியை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை!

சரி, மெஷின் மட்டும் எப்படிக் கேட்கும்? டார்வின் வழியில். இயற்கை மாதிரியே கம்ப்யூட்டரிலும் விடைகளை வளர்த்தெடுக்கலாம் என்று 1975-ல் அமெரிக்காவின் ஜான் ஹாலண்ட் புத்தகமே போட்டார். அடுத்த வருஷம் வெப் மில்லர், டேவிட் ஸ்பூனர் என்ற இருவர் இன்னொரு முனையிலிருந்து வந்தார்கள். புரோகிராமுக்குள் ‘எண் இதற்குமேல் போனால் இந்தப் பக்கம் திரும்பு’ என்று கிளைகள் இருக்குமல்லவா? யாரும் போகாத கிளைக்கு எந்தக் கேள்வி எவ்வளவு கிட்டே போனது என்று அளக்கலாம் என்றார்கள். தொண்ணூறுகளில் இரண்டும் கைகோத்தன.

32,767-ஐத் தாண்டினால் திறக்கும் கிளை என்று வைத்துக்கொள்வோம். 12 என்று கொடுத்த கேள்வி உதவாது. 30,000 கொடுத்தது கிட்டே வந்துவிட்டது. அது பிழைக்கும், மற்றது சாகும். பிழைத்ததை ஜோடி சேர்த்து, வெட்டி ஒட்டி, அங்கங்கே கன்னாபின்னாவென்று மாற்றினால் அடுத்த தலைமுறை ரெடி. தலைமுறை தலைமுறையாக ஓட்டினாலும் கம்ப்யூட்டர் அலுத்துக்கொள்ளாது.

ஆனால் ஆசை ஒன்றா இரண்டா? பிழை நிறையச் சிக்கணும், எல்லாக் கிளையும் தொடணும், கேள்வியும் சுருக்கமாக இருக்கணும். தண்ணி வரணும், வாடகை கம்மியா இருக்கணும், ஸ்டேஷன் பக்கத்துல இருக்கணும் என்று வீடு தேடுகிற கதைதான். இந்த மாதிரிச் சிக்கலுக்கு அருமையான வழி கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து வந்தது. பேராசிரியர் கல்யாண்மோய் தேப் இன்னும் மூன்று பேரோடு 2002-ல் வெளியிட்ட என்.எஸ்.ஜி.ஏ.-2. எல்லா விதத்திலும் இன்னொன்றிடம் தோற்காதவற்றை மட்டும் முன்வரிசையில் நிறுத்தும் சூத்திரம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆட்கள் அதை வைத்து ‘சேப்பியன்ஸ்’ என்று ஒரு டெஸ்டரைச் செய்தார்கள். 2016-ல் 1,000 பிரபல ஆண்ட்ராய்டு ஆப்களை அதனிடம் விட்டார்கள். அதுவரை யாருக்கும் தெரியாத 558 கோளாறுகள் வந்து விழுந்தன! மறு வருஷம் ஃபேஸ்புக் அந்தக் குழுவைத் தன்னிடம் இழுத்துக்கொண்டது.

அப்ப தம்பி வேலை? எண்ணை மாற்றி மாற்றித் தட்டுகிற வேலை போகத்தான் போகும். பூசி மெழுக ஒன்றுமில்லை. ஆனால் புரோகிராம் படுத்துவிட்டதா என்பதைத்தான் மெஷின் சொல்லும். படுக்காமல், ஜம்மென்று தப்பான விடை சொன்னால்? காமர்ஸ்காரனுக்கு இது பழைய கதை. லாரி வாங்கிய பணத்தை ரிப்பேர் செலவில் எழுதினாலும் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகும். தப்பு என்று சொல்ல, லாரி எது ரிப்பேர் எது என்று தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

இதைத் தம்பியிடம் சொல்ல ஆசை. அன்று கேட்டைத் தூக்கியதும் கிளம்பிய ஹாரன் சத்தத்தில் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.