பணிவிலகல் எண்ணமும் ஆளுமைப் பண்பும்

பணிவிலகல் எண்ணம் என்பது வேலையையோ குழுவையோ விட்டுப் போய்விட வேண்டும் என்று ஒருவர் மனத்துள் வளர்த்துக்கொள்ளும் நாட்டம். உண்மையில் விலகுவது வேறு. வேலையில் சலிப்பு, வேறு வேலை கிடைக்கும் வாய்ப்பு ஆகிய இரண்டும் சேர்ந்தே விலகலைத் தீர்மானிக்கின்றன என்று அமைப்பியல் ஆய்வாளர்களான மார்ச்சும் சைமனும் 1958இல் விளக்கினர். காரணமே இல்லாமல் வேலை மாறிக்கொண்டிருப்போரின் சுபாவத்துக்கு 1974இல் உளவியலாளர் கிசெல்லி 'நாடோடி நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். பல ஆய்வுகளைத் தொகுத்த சிம்மர்மன் 2008இல் இதை மேலும் நுணுக்கமாக விளக்கினார்: எளிதில் கலங்கும் மனத்தவரிடம் விலகும் எண்ணம் மிகுதி, உண்மையில் விலகுவதிலோ கடமையுணர்வும் இணக்கமும் குறைந்திருப்பதன் தாக்கம் கூடுதல். ஆக, சுபாவம் எண்ணத்தைத் தூண்டலாம். அது செயலாகுமா என்பது சூழலையும் பொறுத்தது.

கொச்சியின் மட்டாஞ்சேரி இதற்குத் தெளிவான சான்று. அங்கே துறைமுகக் கூலிவேலை 'சாப்பா' முறையில் கிடைத்தது. கூடிநின்ற தொழிலாளர் நடுவே உலோக வில்லைகள் வீசப்படும். முண்டியடித்து ஒன்றைக் கைப்பற்றியவருக்கே அன்றைய வேலை. முரட்டுத்தனம் உள்ளவர் பிடித்தார், சாது வெறுங்கையோடு திரும்பினார். அன்றாடம் புதிதாகப் பிடிக்க வேண்டிய வேலையில் விலகல் என்பதற்கே பொருளில்லை. வெளியேற வழியில்லாதபோது அதிருப்தி குரலாக மாறும் என்று பொருளியலாளர் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதினார். மட்டாஞ்சேரியில் அது முன்பே நடந்திருந்தது: சாப்பாவுக்கு எதிரான போராட்டத்தின் மீது 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் பலியாயின.

ஒரே நிலைமையில் ஒருவர் போகிறார், மற்றவர் இருக்கிறார். அப்படியானால் காரணம் சுபாவம்தானே என்று கேட்கலாம். யார் முதலில் போவார் என்பதற்கு அது ஓரளவு விடை. ஏன் இத்தனை பேர் போக நினைக்கிறார்கள் என்பதற்கு விடையாகாது. ஆளுமைத் தேர்வு வைத்துக் கலங்கும் மனத்தவரை வாசலிலேயே தடுத்துவிடலாம் என்பாரும் உண்டு. அப்படிச் செய்தால் புகார் குறையலாம், குறை அப்படியே இருக்கும். துறைமுகத் தொழிலாளர் வேலையை ஒழுங்குபடுத்த 1948இல் வந்த சட்டம் இதில் வேறு பாதை காட்டியது. அது யாருடைய குணத்தையும் அளக்கவில்லை. பெயர்களைப் பதிந்து, முறைவைத்து வேலை கொடுக்க வழிசெய்தது. சாதுவான தொழிலாளி முண்டியடிக்கக் கற்கத் தேவையில்லாத ஏற்பாடு அது.