கோடு போட்ட கட்டம்

எங்கள் இரவுப் பள்ளியில் படித்த பெண் அவள். பெயர் வேண்டாம். டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று நின்றாள். நீட் பயிற்சிக்குப் பண உதவி செய்யும் ஓர் அறக்கட்டளையின் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஒருநாள் ராத்திரி வந்தாள். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தாள். ஒன்று மட்டும் காலி. பாடத்துக்கு வெளியே செய்தவை என்ன, விளையாட்டு, என்.சி.சி., பேச்சு, நாடகம், சமூக சேவை, சான்றிதழ் இணைக்கவும்.

“அண்ணா, இதுல என்னா எழுதறது?”

“சர்ட்டிபிகேட் இல்லல்ல? கோடு போட்டுடு” என்றேன்.

போட்டாள். அந்தக் கோட்டைப் போடச் சொன்னவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவள் ஏழாவது படிக்கும்போது அம்மா செத்துப்போனாள். கரும்பு வெட்டப்போன இடத்தில் சோகை கிழித்த காலோடு இரண்டு மாதம் வேலைக்குப் போனவள். சர்க்கரை இருப்பதே கால் அழுகிய பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் எங்கள் தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இந்தப் பிள்ளைதான் ஆஸ்பத்திரிக்குக் கூடப்போவாள். சீட்டு எழுதுவாள். டாக்டர் அதட்டிச் சொன்னதை ஆயாக்களுக்கு நிதானமாகத் திருப்பிச் சொல்வாள். எழுத்து தெரியாதவர்களின் மாத்திரை அட்டையில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா வரைந்து கொடுப்பாள். லீவு நாளில் மல்லாட்டை பிடுங்கப் போவாள். எங்கள் கலைக்குழுவில் பறை அடிப்பாள். பிளஸ் டூ வந்ததும் “பறைய வச்சிட்டுப் படி” என்று நிறுத்தியவனும் நான்தான்.

இத்தனைக்கும் சேர்த்து ஒரு கோடு.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன், சட்டம் படித்தவனல்ல. ஆனாலும் அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அது அறக்கட்டளைக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல.

மைசூர் மாநிலத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு வைத்தார்கள். விருப்பப் பாடங்களின் மொத்த மார்க்கில் 25 சதவீத அளவு அதற்கு. பொது அறிவு, ஆளுமை, என்.சி.சி., விளையாட்டு, சமூக சேவை, பேச்சுப் போட்டி, நாடகம் என்று பட்டியல். சித்ரலேகா வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் இந்த முறையை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் 1970-71 எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் மொத்தம் 275 மார்க்கில் 75 நேர்முகத்துக்கு. இங்கேயும் விளையாட்டு, என்.சி.சி., பாடத்துக்கு வெளியேயான சேவைகள், உடல்திறன் என்று தலைப்புகள். பெரியகருப்பன் வழக்கில் அந்த 75 பார்த்த மாத்திரத்திலேயே மிகையாகத் தெரிகிறது என்றது உச்ச நீதிமன்றம். 1981இல் ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி வழக்கு. இரண்டு மூன்று நிமிடம் உட்காரவைத்து அப்பா அம்மா யார், எந்த ஊர் என்றுதான் கேட்டார்கள் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று அப்போது வரம்பு கட்டப்பட்டது.

அப்பா யார், எந்த ஊர். இந்தக் கேள்விகளின் அர்த்தம் நமக்குத் தெரியாதா? ஊரா சேரியா என்பதற்கு நாகரிகமான வடிவம் அது.

தகுதி என்ற சொல்லை அவர்கள் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்ததே இல்லை. வகுப்புவாரி அரசாணை 14 இடத்தில் 2 இடத்தை நமக்கு ஒதுக்கியிருந்தது. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் அந்த ஆணை செத்தது. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாதவர் தொடுத்த வழக்கு அது. போராட்டம் நடந்து, அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பிறகு நேர்முகம். 1984இல் நுழைவுத் தேர்வு. அது 2007இல் ஒழிந்தது. பத்து வருசம் பிளஸ் டூ மார்க்கே பேசியது. நம் பிள்ளைகள் அந்த மார்க்கை எடுக்கப் பழகியபோது, 2017இல் நீட் வந்து உட்கார்ந்தது. குழுமூர் அனிதா 1200க்கு 1176 எடுத்தார். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியும் இடமில்லை. 2017 செப்டம்பர் 1இல் அவரை இழந்தோம்.

மேட்டுக்குடிப் பிள்ளை ஓய்வு நேரத்தில் செய்தால் அது ‘செயல்பாடு’, சான்றிதழ் உண்டு. சேரிப்பிள்ளை வயிற்றுக்காகவும் தெருவுக்காகவும் செய்தால் அது ‘கஷ்டம்’, சான்றிதழ் கிடையாது. வருசத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரியில் பழம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டால் சமூக சேவை. ஆறு வருசம் மாத்திரை அட்டையில் நிலா வரைந்தால்?

சரி, கஷ்டத்துக்கு மார்க் கொடு என்று கேட்கலாமா? சில தோழர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. மறுபடியும் ஒரு மேசை, எதிரே நான்கு பேர். செத்த அம்மாவைப் பற்றி அவர்கள் முன்னால் நம் பிள்ளை எவ்வளவு உருக்கமாகச் சொல்கிறாள் என்று பார்த்து மார்க் போடுவார்கள். புண்ணைக் காட்டிப் பிச்சை வாங்கியது போதும். நமக்கு வேண்டியது உரிமை. இட ஒதுக்கீடு உரிமை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் வந்த 7.5 சதவீதம் உரிமை. அதைக்கூட நீட்டின் வாசலைத் தாண்டித்தான் தொட முடிகிறது என்பதுதான் நம் சண்டை.

அறக்கட்டளையிலிருந்து பதிலே வரவில்லை. முதல் முறை எழுதினாள், கிடைக்கவில்லை. மறுபடி படிக்கிறாள். காலையில் படிப்பு, சாயங்காலம் எங்கள் சின்னப்பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம். பறையையும் எடுத்திருக்கிறாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரவுப் பள்ளியில் இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். எந்தப் பிள்ளை என்ன செய்தது என்று தேதியோடு எழுதுகிறோம். யாரிடமும் காட்டுவதற்கில்லை, நம் வரலாறு நம் கையில் இருக்கட்டும் என்றுதான். முதல் பக்கம் அவளைப் பற்றி எழுதி, படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“இதுக்கெல்லாம் மார்க்கு வேணாண்ணா. ஒண்ணுமே செய்யாதவ மாதிரி அன்னிக்குக் கோடு போடச் சொன்னீங்கல்ல, அதான் சங்கடமா இருந்துச்சு.”