சரஸ்: போதாமற்போன உயரம்

திண்டுக்கல் சமவெளியில் நின்று மேற்கே கொடைக்கானல் மலையை அண்ணாந்து பார்க்கையில், அந்த 7000 அடி நமக்கு வெறும் உயரம். விமானிக்கோ உயரம் என்பது காலம்; இயந்திரம் ஓய்ந்தபின் தவறைத் திருத்திக்கொள்ள எஞ்சியிருக்கும் காலம். 2009 மார்ச் 6 அன்று, பெங்களூருக்கு அருகே பிடதியில், அந்தக் காலம் போதாமற்போயிற்று.

சரஸ், தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த 14 இருக்கைச் சிறு விமானம். சாரஸ் கொக்கின் பெயரைத் தாங்கிய அது, 2004 மே 29 அன்று முதன்முதலாகப் பறந்தது. நமது நாடு தானே வடிவமைத்த பயணிகள் விமானம் என்னும் பெருங்கனவு அதன்மீது ஏற்றப்பட்டிருந்தது.

அன்று பறந்தது இரண்டாவது மாதிரி. இரண்டு இயந்திரங்களுள் ஒன்றை வேண்டுமென்றே நிறுத்தி, பறந்தபடியே மீண்டும் இயக்கிப் பார்ப்பது சோதனை. நின்ற இயந்திரத்தின் உந்துவிசிறி இதழ்களைக் காற்றை எதிர்க்காதவாறு ஒருக்களித்து வைப்பார்கள். மீண்டும் இயக்குகையில் அவை முறைதவறித் திரும்பினால், உந்தவேண்டிய விசிறியே விமானத்தைப் பின்னிழுக்கும் தடையாகிவிடும். ஒருபக்கம் மட்டும் இழுபடும் விமானம் கட்டுக்குள் நிற்பதில்லை.

விமானப்படையைச் சேர்ந்த விமானிகள் பிரவீண் கோட்டேகொப்பா, தீபேஷ் ஷா, சோதனைப் பொறியாளர் இளையராஜா ஆகிய மூவரும் மாண்டனர்.

விசாரணை அறிக்கை முதற்காரணமாகச் சுட்டியது, வடிவமைப்பாளர்கள் வகுத்துத் தந்த மறு இயக்க முறை தவறானது என்பதையும், போதிய உயரமின்றி அது கையாளப்பட்டது என்பதையும். விசிறியைச் செய்த நிறுவனத்தைக் கலந்து அம்முறை வகுக்கப்படவில்லை. முதல் முயற்சி தோற்றதும் சோதனையைக் கைவிட்டிருக்க வேண்டும் என்றும் அறிக்கை கூறியது.

இவ்விரு குறைகளையும் ஒரே தட்டில் வைக்க நமக்கு மனம் வரவில்லை. பின்னதற்கு விடைசொல்ல வேண்டியவர்கள் இறந்துவிட்டார்கள். முன்னதோ, விமானம் மேலெழும் முன்பே, அவசரமின்றி, ஒரு மேசையின்முன் அமர்ந்து களைந்திருக்கக்கூடிய பிழை. தரையில் இருப்பவர்களுக்கு உயரம் தேவையில்லை. காலம் மட்டுமே வேண்டும். அது அவர்களிடம் இருந்தது.

2018 ஜனவரி 24 அன்று, மேம்படுத்தப்பட்ட சரஸ் மீண்டும் பறந்தது. கனவு பிழைத்ததை அன்று பலரும் கொண்டாடினர். அதற்காகத் தம் உயரத்தை இழந்த அம்மூவரையும் அந்நாளோடு சேர்த்தே நாம் நினைவில் கொள்வோம்.