விவிலியத்தில் திருமண உருவகம்

விவிலியத்தில் திருமண உருவகம் என்பது, கடவுளுக்கும் அவருடைய மக்களுக்கும் உள்ள உறவைக் கணவன் மனைவி உறவாகக் காட்டும் முறை ஆகும். பழைய ஏற்பாட்டில் கடவுள் கணவராகவும் இஸ்ரயேல் மக்கள் மனைவியாகவும் வருகின்றனர். புதிய ஏற்பாட்டில் கிறிஸ்து மணமகனாகவும் திருச்சபை மணமகளாகவும் வருகின்றனர். அரசர், ஆயர், குயவர் எனக் கடவுளுக்கு விவிலியம் தரும் உருவகங்கள் பல. ஆனால் குயவரின் கையில் உள்ள களிமண் வாக்குக் கொடுப்பதில்லை, வாக்கு மீறுவதும் இல்லை. திருமணத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. கடவுளின் அன்பைச் சொல்வதற்காக எழுந்த இந்த உருவகம், பிற்காலத்தில் மனிதரின் திருமணத்துக்கே அளவுகோலாகவும் சட்டமாகவும் ஆனது.

ஓசேயா

இந்த உருவகத்தை முதலில் விரிவாகக் கையாண்டவர் இறைவாக்கினர் ஓசேயா. சீர்திருத்தச் சபைகளின் தமிழ் மொழிபெயர்ப்பில் இவர் பெயர் ஓசியா. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் வட நாடான இஸ்ரயேலில் வாழ்ந்தவர். அந்நாட்டின் தலைநகர் சமாரியா, கி.மு. 722 அளவில் அசீரியரிடம் வீழ்ந்தது. அதற்கு முந்தைய குழப்பமான ஆண்டுகளில் ஓசேயா பேசினார்.

நூலின்படி, அவர் கோமேர் என்ற பெண்ணை மணக்கிறார். அவள் கணவனுக்கு உண்மையாக இருக்கவில்லை. இரண்டாவது குழந்தைக்கு 'இரக்கம் பெறாதவள்' என்றும், மூன்றாவது குழந்தைக்கு 'என் மக்கள் அல்ல' என்றும் பொருள்படும் பெயர்கள் இடப்படுகின்றன. பிறகு 3-ஆம் அதிகாரத்தில், தவறிய ஒரு பெண்ணை ஓசேயா விலை கொடுத்து மீட்கிறார். அவள் கோமேர்தான் என்று மரபு கொள்கிறது. கொடுத்த விலை 15 வெள்ளிக்காசும் கொஞ்சம் வாற்கோதுமையும். விடுதலைப் பயண நூலில் மாடு முட்டி இறந்த அடிமைக்கு விதிக்கப்பட்ட ஈட்டுத்தொகை 30 வெள்ளிக்காசு. அதில் பாதிதான் இங்கே காசாகக் கொடுக்கப்படுகிறது.

இந்நூலில் ஒரு சொல்மாற்றம் கவனிக்கத்தக்கது. கானானியர் மழைக்கும் விளைச்சலுக்கும் வழிபட்ட தெய்வத்தின் பெயர் பாகால். எபிரேயத்தில் அச்சொல்லுக்கு உடைமையாளர், தலைவர், கணவர் என்ற பொருள்களும் உண்டு. கணவனைக் குறிக்கும் மற்றொரு சொல் 'ஈஷ்'. தொடக்கநூல் 2-ஆம் அதிகாரத்தில் ஆணும் பெண்ணும் 'ஈஷ்', 'ஈஷா' என இணையாகக் குறிக்கப்படுவது இச்சொல்லால்தான். இனி மக்கள் கடவுளைப் பாகால் என்று அழைக்காமல் 'ஈஷ்' என்றே அழைக்கும் நாள் வரும் என்கிறது ஓசேயா 2:16. அயல் தெய்வத்தின் பெயர் மறைவதோடு, உடைமையாளர் என்ற பொருளும் அழைப்பிலிருந்து விலகுகிறது.

பிற இறைவாக்கினர்கள்

கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமில் இறைவாக்குரைக்கத் தொடங்கிய எரேமியா, பாலைநிலப் பயணத்தை மணமான புதிதில் கழிந்த காலமாக நினைவுகூர்கிறார். அவருடைய 3-ஆம் அதிகாரம் மணவிலக்குச் சட்டத்தை எடுத்துப் பேசுகிறது. விலக்கப்பட்ட மனைவி வேறொருவனை மணந்தபின், முதல் கணவன் அவளை மீண்டும் ஏற்கக் கூடாது என்பது இணைச்சட்ட நூலின் விதி. அவ்விதியைச் சுட்டிக்காட்டிய பிறகும், அதே அதிகாரத்தில் கடவுள் மக்களைத் திரும்பி வரும்படி அழைக்கிறார். சட்டம் தடுக்கும் இடத்திலும் அன்பு நிற்காது என்பதே இங்குள்ள வாதம். இவ்வளவும் சொன்ன எரேமியாவுக்குத் திருமணம் செய்துகொள்ள அனுமதி இல்லை (16:2).

பாபிலோனில் நாடுகடத்தப்பட்டோரிடையே வாழ்ந்த எசேக்கியேல், உருவகத்தைக் கடுமையான எல்லைக்குக் கொண்டுசென்றார். 16-ஆம் அதிகாரத்தில் எருசலேம், வயல்வெளியில் எறியப்பட்ட பெண் குழந்தையாக வருகிறது. கடவுள் அவளைக் காப்பாற்றி, வளர்ந்தபின் மணந்து அணிகலன் பூட்டுகிறார். அவள் துரோகம் செய்தபோது ஆடை களைந்து அவமானப்படுத்தப்படுவதும் கல்லெறியப்படுவதும் விரிவாகச் சொல்லப்படுகின்றன. இந்த அதிகாரத்தைத் தொழுகைக்கூடத்தில் வாசிக்கலாகாது என்று ரபி எலியேசர் கருதியதை யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா பதிவு செய்கிறது.

எசாயா நூலின் பிற்பகுதி ஆறுதலின் மொழியில் பேசுகிறது. தாயை விலக்கி அனுப்பிய மணவிலக்குச் சீட்டு எங்கே என்று 50-ஆம் அதிகாரம் கேட்கிறது. கைவிடப்பட்ட மனைவி திரும்ப அழைக்கப்படுவதை 54-ஆம் அதிகாரம் சொல்கிறது.

புதிய ஏற்பாட்டில்

இயேசுவின் சீடர்கள் ஏன் நோன்பு இருப்பதில்லை என்ற கேள்வி எழுந்தபோது, மணமகன் உடனிருக்கும்போது விருந்தினர் நோன்பு இருப்பார்களா என்று அவர் திருப்பிக் கேட்டதாக மாற்கு நற்செய்தி (2:19) கூறுகிறது. இறைவாக்கினர் நூல்களில் கணவர் என்ற இடம் கடவுளுக்கு உரியது. அந்த இடத்தோடு இயேசுவை இணைத்துப் பார்க்க இக்கூற்று வழி திறந்தது. அரச திருமண விருந்து, பத்துக் கன்னியர் ஆகிய உவமைகளும் இதே பின்னணி கொண்டவை.

அக்கால யூதத் திருமணம் இரண்டு கட்டங்களாக நடந்தது. மண ஒப்பந்தம் முதலில் செய்யப்படும். அதுவே சட்டப்படி கட்டுப்படுத்தும். மணமகளை வீட்டுக்கு அழைத்துவருவது சில காலம் கழித்தே நடக்கும். கொரிந்து சபையைக் கிறிஸ்துவுக்கு மண ஒப்பந்தம் செய்துவைத்ததாகப் பவுல் எழுதுவதும் (2 கொரிந்தியர் 11:2), உலக முடிவில் ஆட்டுக்குட்டியின் திருமண விருந்து நடப்பதாகத் திருவெளிப்பாடு கூறுவதும் இந்த வழக்கத்தோடு பொருந்துகின்றன. திருச்சபையின் காலம் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள காத்திருப்பாகிறது.

எபேசியர் 5:21–33 பகுதியில் உருவகம் முதன்முறையாக மனிதக் குடும்பத்துக்கான அறிவுரையாகிறது. மனைவி கணவனுக்குப் பணிந்திருக்க வேண்டும். கணவன், கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல மனைவியை அன்பு செய்ய வேண்டும். கணவனுக்கான பகுதியே நீளமானது. மேலும், 22-ஆம் வசனத்தில் 'பணிந்திருங்கள்' என்ற வினைச்சொல் மிகப் பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் இல்லை. ஒருவருக்கொருவர் பணிந்திருக்கச் சொல்லும் 21-ஆம் வசனத்திலிருந்தே அது பொருள்கொள்ளப்படுகிறது.

இனிமைமிகு பாடலின் வாசிப்பு

சீர்திருத்தச் சபைகள் உன்னதப்பாட்டு என்றும் கத்தோலிக்கர் இனிமைமிகு பாடல் என்றும் அழைக்கும் 8 அதிகார நூல், ஓர் ஆணும் பெண்ணும் பாடும் காதல் பாடல்களின் தொகுப்பு. பெண்ணின் குரலே அதில் மிகுதி. அதைக் கடவுளின் அன்பாகப் படிக்கச் சொல்லும் குறிப்பு எதுவும் நூலுக்குள் இல்லை. ஆயினும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் ரபி அக்கிபா, திருநூல்களிலேயே மிகப் புனிதமானது இதுவே என்று வாதிட்டார்.

கி.பி. 240 அளவில் ஓரிகன் இதற்கு விரிவான உரை எழுதினார். மணமகள் திருச்சபை என்பதோடு, தனி மனிதரின் ஆன்மாவும்தான் என்று அவர் விளக்கினார். இதனால் ஒரு மக்களினத்துக்கு உரியதாக இருந்த உருவகம் தனிமனித வேண்டுதலுக்குள் நுழைந்தது. கிளேர்வோ நகர் பெர்னார்து 1135 முதல் 1153-இல் இறக்கும்வரை இந்நூலைப் பற்றி 86 மறையுரைகள் இயற்றினார். அவை 3-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தையே எட்டின. அவிலாவின் தெரேசா 1577-இல் எழுதிய 'உள்மனக் கோட்டை' நூலில், இறை ஒன்றிப்பின் உச்சநிலை ஆன்மிகத் திருமணம் எனப்படுகிறது. அதே நாட்டில் இந்நூலைப் பேச்சுமொழிக்குக் கொண்டுவருவது ஆபத்தாகவும் இருந்தது. பேராசிரியர் லூயிஸ் டி லெயோன் 1572 முதல் 1576 வரை சமய விசாரணை மன்றத்தின் சிறையில் இருந்ததற்கு, அவர் இதை ஸ்பானியத்தில் மொழிபெயர்த்ததும் ஒரு காரணம்.

ஒரு சொல்லும் ஒரு சட்டமும்

எபேசியர் 5:32 கணவன் மனைவி ஒன்றிப்பை 'மிஸ்தேரியோன்' என்கிறது. கிரேக்கத்தில் இதற்கு மறைபொருள் என்று பொருள். இலத்தீன் மொழிபெயர்ப்பு இதை 'சாக்ரமெந்தும்' என்று தந்தது. திருமணம் அருளடையாளம் (திருவருட்சாதனம்) என்ற கொள்கைக்கு இச்சொல் முக்கிய ஆதாரமாயிற்று. கிறிஸ்து திருச்சபையை விட்டுப் பிரிவதில்லை, எனவே திருமணமும் பிரிக்க முடியாதது என்று வாதம் வளர்ந்தது.

மார்ட்டின் லூதர் 1520-இல், மூலச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை என்று கூறி இதை மறுத்தார். அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய மற்றொரு நூலில், ஆன்மாவின் கடனை மணமகனாகிய கிறிஸ்து ஏற்று, தம் செல்வத்தை அவளுக்குத் தருகிறார் என்று இதே உருவகத்தால் மீட்பை விளக்கினார். திரெந்து பொதுச்சங்கம் 1563 நவம்பர் 11 அன்று திருமணம் அருளடையாளமே என்று உறுதிசெய்தது. மணவிலக்குப் பற்றி இன்றும் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபைகளும் வேறுபடுவதன் வேர்களில் ஒன்று இந்த விவாதம்.

தமிழில்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய 'பெத்லகேம் குறவஞ்சி' இந்த உருவகத்தைத் தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவில் தருகிறது. உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி காதல் கொள்வது குறவஞ்சியின் மரபு. இங்கே தலைவன் கிறிஸ்து. தலைவி தேவமோகினி திருச்சபையைக் குறிக்கிறாள். ஆண்டாள், நம்மாழ்வார் பாசுரங்களால் நாயகி பாவம் தமிழருக்கு முன்பே பழகியது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நாயகி பாவத்தில் பிரிவால் வாடி ஏங்குபவள் தலைவி. ஓசேயாவில் விட்டுப்போனவள் மனைவி. ஏங்கி அழைப்பவர் கடவுள்.

விமர்சனம்

கடவுளைக் கணவராகவும் தவறுபவரை எப்போதும் மனைவியாகவும் காட்டுவது, வீட்டில் நடக்கும் வன்முறைக்கு நியாயம் தந்துவிடும் என்று பெண்ணிய விவிலிய அறிஞர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். ரெனிதா வீம்ஸ் 1995-இல் வெளியிட்ட நூல் ஓசேயா, எரேமியா, எசேக்கியேல் ஆகியோரின் மொழியை இந்நோக்கில் ஆராய்ந்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988-இல் எழுதிய திருமடலில், எபேசியர் பகுதி கூறும் பணிவு ஒருபக்கமானது அல்ல, கணவன் மனைவி இருவருக்கும் உரியது என்று விளக்கினார்.

இறைவாக்கினர்களின் முதல் கேட்போரில் நாட்டை ஆண்ட ஆண்களும் அடங்குவர். துரோகம் செய்த மனைவியின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்கும்படி அவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அந்தப் பகுதிகளைப் பெண்களுக்கு எதிராகத் திருப்பியது பின்வந்த வாசிப்பு மட்டுமா, மூலத்திலேயே அதற்கான வித்து உண்டா என்பது விவிலிய ஆய்வில் தொடரும் விவாதம் ஆகும்.